உப்புப் போடட்டோ, வினிகர் போடட்டோ

மணக்குதோ தம்பி? குறை நினையாதேங்கோ. இந்தப் பொட்டலம்தான். மேலை தட்டிலை வைப்பம் எண்டால் கொழுப்பு ஊறி ஆரின்ரையும் தலையிலை சொட்டினாலும் எண்டு பயம். கீழை வைக்க மனம் வரேல்லை, காலடியிலை வைக்கிற சாமானில்லை இது. அதாலை மடியிலை வைச்சிருக்கிறன். லண்டன் போய்ச் சேரும்வரைக்கும் உங்களுக்குக் கரைச்சல்தான், யன்னல் திறக்கேலாத பஸ் வேறை.

நீங்கள் தமிழ் எண்டு எப்பிடித் தெரியும் எண்டோ? லீட்ஸிலை ஏறேக்கை போனிலை "அம்மா, ஏறியிட்டன், வையுங்கோ" எண்டியள். அதைக் கேட்டிட்டுத்தான் வந்து பக்கத்திலை இருந்தனான். வெள்ளைக்காரன் பக்கத்திலை இருந்தால் இந்த மணத்துக்கு அவனுக்கு வாயூறும். "சிங், ஒண்டு தாவன்" எண்டு என்ரை கடைக்கு வாறவை மாதிரிக் கேட்டாலும் கேப்பான். குடுக்கேலாது. இது படைக்கிற சாமான்.

சிங் எண்டது நான்தான். குலவீரசிங்கம். கடைக்கு வாறவைக்கு அவ்வளவும் வாயிலை வராது, கடைசித் துண்டை மட்டும் பிடிச்சு வைச்சிருக்கினம். இருபத்திரண்டு வருசமாய் நான் பஞ்சாபி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற கிழவன் ஒருத்தர் இருக்கிறார். தலைப்பாவை எங்கை எண்டு கேப்பார். தோய்ச்சுக் காயப்போட்டிருக்கு எண்டு சொல்லுவன். என்ன செய்யிறது.

ஓம், கடைதான். ஃபிஷ் அன் சிப்ஸ். லீட்ஸிலையிருந்து முக்கால் மணித்தியாலம் உள்ளுக்கை போகவேணும், சின்ன ஊர். ஒரு சேர்ச், ஒரு மருந்துக்கடை, ரெண்டு பப், என்ரை கடை. தமிழ்ச் சனம் எண்டு பாத்தால் நானும் என்ரை மனிசியும்தான். இப்ப நான்தான்.

கடையிலை என்னென்ன இருக்கெண்டு சொல்லட்டே? ஹடொக். எங்கடை பக்கம் ஹடொக் மீன்தான், கொட் மீன் எண்டு ஒருத்தன் கேட்டால் தெற்கிலையிருந்து வந்த ஆள் எண்டு விளங்கும். பிறகு சிப்ஸ். உங்கடை லண்டன் பேர்கர் கடையிலை தீக்குச்சி மாதிரித் தாறாங்களே, அதில்லை, விரல் மொத்தம். மஷி பீஸ் எண்டு, பட்டாணியை ஊறப்போட்டுக் கரையக் கரைய அவிக்கிறது. முதல்நாள் அதைப் பாத்திட்டு என்ரை மனிசி லோஜி, "என்னப்பா, குழந்தைக்குத் தீத்திற சாப்பாட்டைக் காசுக்கு விக்கிறியளே" எண்டு சிரிச்சவ. ஃபிஷ் கேக் எண்டு, ரெண்டு வட்டம் உருளைக்கிழங்குக்கு நடுவிலை மீனை வைச்சு மாவிலை தோய்ச்சுப் பொரிக்கிறது. சொசேஜையும் தோய்ப்பம். வினிகருக்கை ஊறின முட்டை போத்தலிலை நிக்கும். கறி சோஸ் எண்டு ஒண்டு, கறியை அதிலை தேடிக் காணேலாது, மஞ்சள் கஞ்சி. அதுக்கும் ஒரு சனம் இருக்கு. பாணுக்குள்ளை சிப்ஸை அடைஞ்சு தா எண்டு கேக்கிறவையும் இருக்கினம்.

பிறகு ஸ்க்ராப்ஸ். தெரியுமே? மீனை மாவிலை தோய்ச்சுத் தாச்சிக்கை விடேக்கை மாத்துளி சிந்தும். அது பொரிஞ்சு மேலை மிதக்கும். கரண்டியாலை அரிச்செடுத்து ஒரு மூலையிலை குவிச்சு வைக்கவேணும், இல்லாட்டில் கருகிப் போய் மற்றதையும் கெடுத்துப்போடும். குப்பைதான். ஆனால் எங்கடை பக்கத்திலை ஆரும் "ஸ்க்ராப்ஸ்" எண்டு கேட்டால் ஒரு கரண்டி அள்ளிச் சிப்ஸுக்கு மேலை சும்மா போட்டுக் குடுக்கிறது வழக்கம். பள்ளிக்கூடப் பிள்ளையள் கேக்குங்கள், வெறிகாரர் கேப்பினம். நான் அதை ஒரு சாப்பாடெண்டே எடுக்கேல்லை. மிஞ்சினதை வாளியிலை கொட்டிறனான்.

இந்தப் பொட்டலத்துக்கை இருக்கிறது அதுதான். ஸ்க்ராப்ஸ்.

பொறுங்கோ, சொல்லுறன். உங்களுக்கு நித்திரை வந்தால் கொள்ளுங்கோ, நான் என்ரை பாட்டிலை கதைச்சுக்கொண்டு வருவன். மூண்டு கிழமையாய்த் தமிழிலை கதைக்க ஆளில்லை. மகள் போன் எடுப்பாள், "அப்பா சாப்பிட்டியளா, அப்பா குளிசை போட்டியளா", அவ்வளவுதான். அது கதையே?

நான் பெருமைக்குச் சொல்லேல்லைத் தம்பி, கடைக்கு வாற ஆளின்ரை முகத்தைப் பாத்தாலே என்ன வேணுமெண்டு சொல்லுவன். தலைப்பாவை கேக்கிற கிழவருக்கு வெள்ளிக்கிழமை பதினொண்டரைக்குச் சின்ன ஹடொக், அரைவாசிச் சிப்ஸ், பீஸ் வேறை கிண்ணத்திலை, தொடப்படாது. மருந்துக்கடைப் பிள்ளைக்குக் கறி சோஸ், அதுவும் மேலை ஊத்தப்படாது, பக்கத்திலை. லொறி ஓடுற நெட்டையனுக்கு ரெண்டு ஃபிஷ் கேக், வினிகர் வேண்டாம், வயித்திலை புண். பாதர் வந்தால் பெரிய மீன், ஆனால் பெரிசு எண்டு சொல்லிக் குடுக்கக்கூடாது. எல்லாம் இந்த மண்டைக்கை இருக்கு. ஆனாலும் கேப்பன். உப்புப் போடட்டோ? வினிகர் போடட்டோ? தெரிஞ்சாலும் கேக்கவேணும், அது தொழில் மரியாதை. ஒரு நாளைக்கு இருநூறு தரம் கேப்பன். டொரீன் சொல்லுவா, நீ செத்தால் கடவுளிட்டையும் உதைத்தான் கேப்பாய் எண்டு.

டொரீன் ஆரெண்டால், எங்கடை கடையிலை முன்னுக்கு நிக்கிற மனிசி. எழுபது வயசு. முந்தின முதலாளியோடை நிண்டவ, கடையோடை சேர்த்துத்தான் அவவை எனக்குத் தந்தவங்கள்.

இனி லோஜிக்கு வாறன். பத்மலோஜினி. போய் இண்டைக்கு முப்பது நாள். நித்திரையிலை போனவ. ஒரு கரைச்சலும் குடுக்கேல்லை. காலமை தேத்தண்ணி வரேல்லை எண்டு போய்ப் பாத்தன், சரி. அவ்வளவுதான்.

எல்லாரும் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு, "அழு, அழுதால்தான் பாரம் குறையும்" எண்டினம். எனக்கு வரேல்லை. கால் விறைச்சுப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்பிடிக் கிடக்கு. போன கிழமை தாச்சி விளிம்பிலை கை பட்டு இஞ்சை பாருங்கோ, தோல் உரிஞ்சு போச்சு. டொரீன் கண்டு கத்தினாப் பிறகுதான் எனக்குத் தெரியும். என்ரை மகள் மிதுலா சொல்லுறாள், "அப்பா உங்கடை முழி சரியில்லை, கார் ஓடாதேங்கோ" எண்டு. அதுதான் பஸ்.

எங்கடை ஆக்கள் சாவீட்டிலை எட்டுச் செலவு செய்யிறது உங்களுக்குத் தெரியும்தானே? எட்டாம் நாள் செத்த ஆளுக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சு இலையிலை படைக்கிறது. மீனோ, இறைச்சியோ, சாராயமோ, அவை என்ன விரும்பிச் சாப்பிட்டவையோ அது. அதுக்கு முதல்நாள் என்ரை மச்சாள் வந்து கேட்டவ. மச்சாள் எண்டால் லோஜியின்ரை தங்கச்சி, சுகுணா. லண்டனிலை, ஹரோவிலை இருக்கிறவ. அந்த வீட்டிலை பூசைமணி அடிச்சால்தான் ஆக்கள் எழும்பிறது, அவ்வளவு சைவப்பழம். கொப்பியும் பேனையுமாய் வந்து நிண்டு, "அத்தான், அக்காவுக்கு என்னென்ன விருப்பம் எண்டு சொல்லுங்கோ" எண்டா.

நான் யோசிக்கவே இல்லை. ஹடொக் எண்டன். மாவில்லாமல்.

ஏனெண்டு கேளுங்கோ. எங்கடை கடையிலை பொரிக்கிறது மாட்டுக் கொழுப்பிலை. யோக்‌ஷயரிலை அப்பிடித்தான், எண்ணெயிலை பொரிச்சால் சனம் வராது. கடை எடுத்த புதிசிலை நான் மனச்சாட்சிக்குப் பயந்து எண்ணெய்க்கு மாத்திப் பாத்தனான். மூண்டாம் கிழமை ஈயோட்டினன். டொரீன் வந்து, "சிங், நீ நல்லவன், ஆனால் பட்டினி கிடந்து சாகப்போறாய்" எண்டா. திரும்பக் கொழுப்புக்குப் போனன். ஆனால் நான் அதை வாயிலை வைக்கிறேல்லை. இண்டைக்கு வரைக்கும் என்ரை கடைச் சிப்ஸ் என்ன ருசியெண்டு எனக்குத் தெரியாது. லோஜி வெள்ளி செவ்வாய் மீன், இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் காய்ச்சாதவ, மாட்டைக் கண்டால் கும்பிடாத குறை. அவவுக்கு அந்தக் கொழுப்பிலை பொரிச்சுக் குடுப்பனே? அவவுக்கெண்டு ஒரு சின்னத் தாச்சி வாங்கினன். அதுக்குத் தனி எண்ணெய். அதை ஆரும் தொடக்கூடாது. டொரீனுக்கும் சொல்லிப்போட்டன், அது என்ரை மனிசியின்ரை தாச்சி எண்டு.

வெள்ளி செவ்வாய் தவிர, கடை பூட்ட முதல் கடைசியாய்ப் பொரிக்கிறது அவவின்ரை மீன். இருக்கிறதுக்குள்ளை நல்ல துண்டு, நடுத்துண்டு. பொரிச்செடுத்து மாவை உரிச்சு எறிஞ்சுபோட்டு வெள்ளை மீனை மட்டும் பெட்டியிலை வைச்சுக் கொண்டுபோவன். ஏன் மாவை உரிக்கிறது? டொக்டர் அவவுக்குக் கொலஸ்ட்ரோல் எண்டவர். அதோடை மா எண்டது என்ன, வெள்ளைக்காரன் மீனுக்குப் போடுற சட்டை. மீன் உள்ளுக்கையெல்லோ இருக்கு. அவ இருந்து சாப்பிடுவா. நான் பாத்துக்கொண்டிருப்பன். "எப்பிடி?" எண்டு கேப்பன். "நல்லாயிருக்கப்பா" எண்டுவா. இருபத்திரண்டு வருசம். ஒருநாள் மிச்சம் வைச்சதில்லை. அப்ப அவவுக்கு அதுதானே விருப்பம்? நீங்கள் சொல்லுங்கோ.

சரி. எட்டாம் நாள் எங்கடை வீட்டிலை பெரிய வாழையிலை ஒண்டு விரிச்சு, மச்சாள் நண்டுக்கறியும் பால்ரொட்டியும் வைச்சா. சின்னனிலை அக்காவுக்கு அதெண்டால் உயிராம். மிதுலா ஏதோ அன்னாசி கேக் வைச்சாள். லண்டனுக்கு வாற நேரம் தாயும் மகளுமாய்ப் போய்ச் சாப்பிடுறவையாம், எனக்கு அது புதினம். நான் காலமை கடையைத் திறந்து, அவவின்ரை தாச்சியிலை நடுத்துண்டு பொரிச்சு, மாவை உரிச்சு, வடிவாய் நடுவிலை வைச்சன். வெள்ளை வெளேரெண்டு நல்ல வடிவாய்த்தான் இருந்தது.

அப்பதான் டொரீன் வந்தவ. கறுப்புச் சட்டை, பூங்கொத்து. அவவுக்கு எங்கடை முறை ஒண்டும் தெரியாது. இது என்னெண்டு மிதுலாவைக் கேட்டவ. அம்மாவுக்கு விருப்பமான சாப்பாடெல்லாம் வைச்சிருக்கிறம், அவ வந்து சாப்பிடுவா எண்டு மிதுலா விளங்கப்படுத்தினாள். டொரீன் கண்ணைத் துடைச்சுப்போட்டு இலையை இந்த முனையிலையிருந்து அந்த முனை மட்டும் பாத்தா. திரும்பவும் பாத்தா. பிறகு என்னைப் பாத்துக் கேட்டா, "அப்ப அவவின்ரை ஸ்க்ராப்ஸ் எங்கை?"

நான் விளங்காமல் முழுசினன். டொரீன் நினைச்சா எனக்குத் தெரியுமெண்டு. "செவ்வாய்க்கிழமையிலை வந்து வாங்கிறவவே, அது" எண்டா.

செவ்வாய்க்கிழமை காலமை நான் உருளைக்கிழங்கு எடுக்கப் போறனான் தம்பி. ரெண்டு மணித்தியாலம் ஆகும். அந்த நேரம் லோஜி நடந்து கடைக்கு வருவாவாம். சனம் நிண்டால் சனத்துக்குப் பின்னாலை தானும் வரிசையிலை நிப்பாவாம். முதலாளியின்ரை மனிசி எண்டு முன்னுக்கு வரமாட்டாவாம். தன்ரை முறை வந்ததும் ஒரு கடதாசியிலை ஸ்க்ராப்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு, பின்வாசலிலை வெறும் மாப்பெட்டிக்கு மேலை இருந்து, முழுக்கத் திண்டு முடிச்சு, கைதுடைச்சுக்கொண்டு போவாவாம். எத்தினை வருசமாய் எண்டு கேட்டன். டொரீன் விரல் மடிச்சுப் பாத்திட்டு, "கடை எடுத்த வருசத்திலையிருந்து" எண்டா.

பெரிய தாச்சி ஸ்க்ராப்ஸ். மாட்டுக் கொழுப்பிலை பொரிஞ்சது. அதுவும் செவ்வாய்க்கிழமை!

என்ரை மச்சாளுக்கு இங்கிலிஷ் தெரியாதெண்டால் நான் ஏதும் சொல்லிச் சமாளிச்சிருப்பன். அவ இஞ்சை பாங்கிலை வேலை செய்யிறவ. "என்ரை அக்கா மாட்டுக் கொழுப்பிலை பொரிச்சதைத் திண்டவவோ? ஆருக்குக் கதை விடுறியள்? உந்தக் கிழவிக்கு மறதி வருத்தம்" எண்டு இலைக்கு முன்னாலை நிண்டு கத்தினா. டொரீன் பயந்துபோய், தான் குடுத்த பொரியலாலைதான் லோஜி செத்தவவோ எண்டு அழத் தொடங்கியிட்டா. மிதுலா மச்சாளோடை பேச்சு. "அம்மாவுக்கு விருப்பமெண்டால் வைக்கவேணும்தானே சித்தி" எண்டு. பிறகு என்னிலை திரும்பினாள். "அப்பா, ஊரிலை இருக்கிற எல்லாரிட்டையும் கேக்கிறியள். அம்மாவிட்டை ஒருநாளாவது கேட்டனீங்களா?"

கேட்டனான்! எப்பிடி எண்டு ஒவ்வொரு நாளும் கேட்டனான். நல்லாயிருக்கு எண்டு சொன்னவ. அதுக்கு மேலை ஒரு மனிசன் என்னத்தைக் கேக்கிறது?

அண்டைக்குச் சிவனே எண்டு அந்த ஹடொக்கைப் பாத்துக்கொண்டு நிண்டன். கற்பூரம் கொளுத்தினவை, கும்பிட்டவை, முடிஞ்சுது.

பத்தாம் நாள் கடையைத் திறந்தன். சாவீட்டுத் தீட்டு, துடக்குக் கழிய முதல் கடை திறந்தவன் எண்டு மச்சாள் லண்டன் முழுக்கப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டா. துடக்கு எண்டு வீட்டிலை இருந்து சுவரைப் பாக்கிறதோ? நீங்களும் துடக்குக்காரனுக்குப் பக்கத்திலை இருந்தனீங்கள், வீட்டை போனதும் முழுகுங்கோ.

அண்டைக்குப் பூட்டிற நேரம், கை தன்ரை பாட்டுக்குச் சின்னத் தாச்சியை மூட்டிப்போட்டுது. நடுத்துண்டு எடுத்து, தோய்ச்சு, பொரிச்சு, மாவை உரிச்சு, பெட்டியைத் தேடேக்கைதான் ஆருக்கு எண்டு நினைவு வந்தது. மீன் பலகையிலை கிடக்கு. என்ரை கையிலை உரிச்ச மா. நல்ல மொறுமொறெண்டு, முழுச்சட்டையாய் வந்திருந்தது. அதைப் பாத்துக்கொண்டு நிண்டன். அவவுக்கு விருப்பமானதை ஒவ்வொரு நாளும் என்ரை இந்தக் கையாலை உரிச்சு வாளியிலை போட்டிருக்கிறன். போட்டிட்டு, விருப்பமில்லாததைக் கொண்டுபோய் முன்னாலை வைச்சு, நல்லாயிருக்கோ எண்டு கேட்டிருக்கிறன்.

அதையும் வாளியிலைதான் போட்டன். பழக்கம்.

அடுத்த நாள் டொரீனைப் பிடிச்சுக் கேட்டன், என்னட்டை ஏன் சொல்லேல்லை எண்டு. தானும் அதை லோஜியிட்டை ஒருக்கால் கேட்டவவாம். லோஜி சொன்னவவாம், "அவர் எனக்கெண்டு தனித் தாச்சி வைச்சிருக்கிறார். அதை நினைச்சு அவருக்குச் சரியான சந்தோசம். அதை ஏன் கெடுப்பான்" எண்டு.

பாத்தியளே? இதுதான் எனக்கு ஆத்திரம். நான் என்ன சூரனே, வாயைத் திறந்து சொன்னால் கடிச்சுத் திண்டிடுவனே? "இஞ்சாருங்கோ, எனக்கு உந்த மீன் வேண்டாம், அந்தப் பொரியல் தாங்கோ" எண்டால் நான் தந்திருப்பன். இல்லையெண்டே சொல்லியிருப்பன்? கொலஸ்ட்ரோல் எண்டு கொஞ்சம் கத்தியிருப்பன். மாட்டுக் கொழுப்பெல்லோ, நீ மாட்டைக் கும்பிடுறவளெல்லோ எண்டு கேட்டிருப்பன். செவ்வாய்க்கிழமையோ எண்டு கேட்டிருப்பன். கேட்டிருப்பன்தான். பிறகு சின்னத் தாச்சியிலை மாவைத் தெளிச்சு, "இந்தா, உனக்குச் சுத்தமாய்ப் பொரிச்சுத் தாறன்" எண்டிருப்பன்.

...ம். ஓம். அதைத்தான் செய்திருப்பன்.

தண்ணி ஒரு மிடறு குடிக்கிறன், பொறுங்கோ.

எங்கடை ஊர்ப்பக்கம் முப்பதாம் நாள் பின்னேரமும் ஒருக்கால் படைக்கிற வழக்கம் இருக்கு. நாளைக்கு முப்பத்தோராம் நாள் கிரியை, அந்தியேட்டி, ஐயர் வருவார், எல்லாம் சைவம். இண்டைக்குப் பொழுதுபட லண்டனிலை மகள் வீட்டிலை வைக்கிற இலைதான் கடைசி இலை. அதுக்குப் பிறகு ஆத்துமா போயிடும் எண்டு சொல்லுவினம். எனக்கு உதுகளிலை பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் போறதெண்டால் அவ தனக்கு விருப்பமானதைத் திண்டிட்டுப் போகட்டும். இவ்வளவு காலம் மற்றவைக்காக மெண்டது போதும்.

காலமை ஆறுமணிக்குப் பெரிய தாச்சியை மூட்டினன். ஸ்க்ராப்ஸ் எண்டது தனியப் பொரிக்கிற சாமானில்லை, மீன் பொரிச்சால்தான் வரும். எட்டு ஹடொக் பொரிச்சன், தூளுக்காக. மீனை டொரீனிட்டைக் குடுத்தன், அயலுக்குக் குடு எண்டு. அரிச்செடுத்து, கருகினதைப் பொறுக்கி எறிஞ்சுபோட்டு, பொன் நிறமாய் இருந்ததை மட்டும் கட்டினன். கட்டினதை ரெண்டுதரம் அவிட்டுப் பாத்துத் திரும்பக் கட்டினன் தம்பி. இருபத்திரண்டு வருசம் பொரிக்கிறவன், முதல்நாள் பொரிக்கிறவன் மாதிரி.

நேற்று மச்சாளுக்குப் போன் எடுத்துச் சொல்லிப்போட்டன், இப்பிடிக் கொண்டுவாறன் எண்டு. "அத்தான், அந்தக் கண்டறியாத சாமானோடை வந்தால் வாசல்படி மிதிக்க விடமாட்டன்" எண்டா. வீடு மகளின்ரை வீடு. ஆனால் சமையல், இலை, விளக்கு எல்லாம் மச்சாள்தான். அவ இலைக்கு முன்னாலை நிண்டால் ஆரும் அவவை அசைக்கேலாது. மிதுலா என்னோடை ஒரு மாதிரித்தான் கதைக்கிறாள். "நீங்கள் கொண்டுவந்தால் பாப்பம்" எண்டாள். கொண்டுவரமாட்டன் எண்டு நினைக்கிறாள்.

இலையிலை வைக்க விடாட்டில் நான் பொட்டலத்தைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இலைக்குப் பக்கத்திலை நிப்பன். அவ வரிசையிலை நிண்டவதானே. நானும் நிப்பன்.

நீங்கள் ஒண்டு எடுத்துப் பாக்கிறியளோ எண்டு கேக்க வாய் வருகுது, தொழில் பழக்கம். ஆனால் படைக்க முதல் வாய் வைக்கப்படாது. குறை நினையாதேங்கோ. கடைப்பக்கம் வந்தால் வாங்கோ, அள்ளித் தாறன். உங்களுக்கு உப்பு, வினிகர் ரெண்டும் போடுறதோ?

ஐயோ.

தம்பி, நான் இதுக்கு ஒண்டும் போடேல்லை. உப்புப் போடேல்லை, வினிகர் போடேல்லை. அப்பிடியே கட்டிக்கொண்டு வந்திட்டன். அவ போட்டுத்தான் சாப்பிடுறவவோ, போடாமலோ? எனக்குத் தெரியாதே. அந்த லொறிக்காரனின்ரை வயித்துப்புண் எனக்குத் தெரியும். எங்கடை மனிசிக்கு உப்புப் போடுறதோ எண்டு தெரியாது. பொறுங்கோ, பொறுங்கோ, டொரீனுக்கு ஒருக்கால் அடிக்கிறன். இந்தப் போனிலை பேரைத் தேடித் தாங்கோவன், எனக்குக் கண் தெரியேல்லை. தண்ணி வருகுது, கண்ணாலை. இவ்வளவு நாளும் வராமல் இப்ப, பஸ்ஸுக்கை... அதுதான், டி. அமத்துங்கோ.

ஹலோ, டொரீன்? ஓம், சிங்தான். இல்லை, பஸ் பத்திரமாய்த்தான் போகுது. ஒண்டு கேக்கவேணும். லோஜி... அவ... அவவுக்கு உப்புப் போடுறதோ? வினிகர் போடுறதோ?

ம்.

ம். சரி. இல்லை இல்லை, அழாதேங்கோ. நான் வைக்கிறன்.

கேட்டியளே? உப்பு வேண்டாமாம். வினிகர் கூட, கடதாசி நனையிற அளவுக்கு. தான் போட்டுக் குடுத்தால் காணாதெண்டு போத்தலை வாங்கித் தானே ஊத்துவாவாம். டொரீன் நல்ல மனிசி. இப்ப ஏன் கேக்கிறாய் எண்டு கேக்கேல்லை. ஒருவேளை நான் எண்டைக்காவது கேப்பன் எண்டு பாத்துக்கொண்டு இருந்தாவோ தெரியாது.

இந்தப் பஸ் நடுவழியிலை சாப்பாட்டுக்கடை இருக்கிற இடத்திலை பதினைஞ்சு நிமிசம் நிப்பாட்டுவானெல்லே? அங்கை வினிகர் சின்னப் பைக்கற்றிலை சும்மா வைச்சிருப்பாங்கள். நான் காசு குடுத்தே வாங்கிறன். தம்பி, நிண்டதும் என்னைக் கொஞ்சம் முதல் இறங்க விடுங்கோ. வரிசை பெரிசாய் இருந்தாலும் இருக்கும்.